முடிக்காத ஜெபம்

இத்தனை வருஷம் எங்களோடு இருந்த போதகர், வருங்காலப் போதகர்களுக்குப் பாடம் நடத்த இறையியல் கல்லூரிக்குப் போகிறார். கடைசி ஆராதனை முடிந்து, வாசலில் ஒவ்வொருவர் கையையும் பிடித்து விடைபெற்றார். கோயில் மணியடிக்கும் நான் மட்டும் கை கொடுக்காமல் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றேன்.

“அங்க போய் என்னத்தச் சொல்லிக் குடுக்கப் போறீங்க?”

“அடக்க ஆராதனைதான்ப்பா முதல் பாடம். குரல் உடையாம ஜெபத்தை முடிக்கணும்.”

என் மகளை அடக்கம் செய்த அன்று, பாதி ஜெபத்தில் புத்தகத்தை மூடிவிட்டு, குழிமேட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதவர் இவர். ஆமென் சொல்லக்கூட ஆளில்லை.

“எல்லாருக்கும் சொல்லிக் குடுங்க ஐயா. ஒருத்தனுக்கு மட்டும் வேண்டாம். என்னைப் புதைக்க அவனை அனுப்புங்க.”