எதிர்க்கடையில் நின்ற டாக்ஸி

டாக்ஸிக்காரன் தரவேண்டிய பாக்கி நாலாயிரத்து முன்னூற்று எழுபது. கிளட்ச் மாற்றிய வேலையில் நின்றது. அதைக்கூட மெக்கானிக் பொறுத்துக்கொண்டிருப்பார். பாக்கிக்காரன் முகம் காட்ட வெட்கப்பட்டு, வண்டியை எதிர்ச்சாரியில் சகலையின் கடைக்கு ஓட்டிக்கொண்டு போனானே, அதுதான் வயிற்றெரிச்சல்.

சகலை இவருடைய மனைவியின் தங்கை புருஷன். ஒரே வீட்டில் பெண் எடுத்து, ஒரே தொழில் செய்கிறவர்கள். ஆனால் அவன் கடையில் தரைக்கு வெள்ளை ஓடு. வண்டியைத் தலைக்கு மேல் தூக்கி நிறுத்த லிஃப்ட் இரண்டு. இவருக்குத் தகரக் கூரையும் ஒரு பள்ளமும். பள்ளத்தில் இறங்கி அண்ணாந்து பார்த்தே கழுத்து ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. வீட்டில் மனைவி வேறு, "தங்கச்சி வீட்டுக்காரரு கையில கறையே இருக்காதாம்ங்க, கையுறை போட்டுக்கிறாராம்" என்பாள். அவள் சும்மாதான் சொல்வாள். இவருக்குச் சோறு இறங்காது.

டாக்ஸியில் ஒரு கோளாறு. காலையில் முதல்முறை ஸ்டார்ட் செய்யும்போது, டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்கியது போலப் பெரிய சத்தம். இரண்டு மூச்சு விடுவதற்குள் அடங்கிவிடும். ஓடிச் சூடான வண்டியில் அது வரவே வராது. அதனால் டாக்ஸிக்காரன் சகலை கடைக்கு வந்த இரண்டு முறையும் வண்டி வாயைத் திறக்கவில்லை.

"வீட்ல பேயாட்டம் கத்துது சார். இங்க வந்தா கல்யாணப் பொண்ணாட்டம் நிக்குது" என்று அவன் புலம்பியது சாலையைத் தாண்டி இவர் காதில் விழுந்தது. வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. அன்று சாயங்காலம் மனைவி கேட்டாள், "என்ன, பாட்டெல்லாம் பலமா இருக்கு?"

மூன்றாவது முறை சகலை வண்டியை இரவு கடையிலேயே விட்டுப் போகச் சொன்னான். மறுநாள் ஷட்டரைத் தூக்கியதும் சாலையைக் கடந்து வந்தான்.

"சகலை, கொஞ்சம் வந்து காது குடுங்க. இன்னும் ஸ்டார்ட் பண்ணலை."

"ஏன், கோளாறு கண்டுபிடிக்கிற உங்க மிஷினு ஒண்ணும் சொல்லலையா?"

"அது டேஷ்போர்டுல லைட்டு எரிஞ்சாத்தான் பேசும் சகலை. நீங்க வாங்க."

இவர் மாப்பிள்ளை முறுக்கோடு கிளம்பினார். அங்கே நின்றிருந்த டாக்ஸிக்காரன் பாக்கி நினைவில் நெளிந்தான். அவனைக் கண்டுகொள்ளாமல் பானெட்டைத் திறந்து தலையை உள்ளே கொடுத்தார். சகலை சாவியைத் திருப்பினான். கடகடகட. அடங்கியது.

"இன்னொரு தரம் போடட்டுமா?"

"வேண்டாம், இனி வராது. எஞ்சினுக்குள்ள டைமிங் செயின் ஆயில் இல்லாம அடிச்சுக்குது. ஆயில் மேல ஏறினதும் அடங்கிடுது. ராத்திரில ஆயில் ஏன் கீழ இறங்கிடுது, அதைப் பார்க்கணும்."

வண்டி லிஃப்டில் ஏறியது. டார்ச் அடித்துப் பார்த்தார். எஞ்சினுக்கு அடியில், கம்பெனிப் பெயரே இல்லாத ஓர் ஆயில் ஃபில்டர். இவர் கண் மின்னியது. சகலையின் கைவரிசை.

"நல்ல ஃபில்டர்ல உள்ள ஒரு ரப்பர் தடுப்பு இருக்கும், ஆயிலை இறங்க விடாது. இது மட்டமான சரக்கு, ரப்பரு விறைச்சிருக்கும். தரைக்கு ஓடு பதிச்சா மட்டும் போதாது சகலை. இதைப் போட்டவன் தொழிலை விட்டுட்டு மண்ணு சுமக்கப் போகலாம்."

டாக்ஸிக்காரன் தலையைச் சொறிந்தான்.

"அண்ணே, அது நீங்க போட்டது. கிளட்ச் மாத்தினப்ப ஆயிலும் நீங்கதான மாத்தினீங்க. அதுக்கப்புறம் யாரும் தொடலை."

இவருக்கு நினைவு வந்துவிட்டது. முழுப் பணமும் இல்லை என்று அவன் இழுத்தபோது, இவனுக்கு இது போதும் என்று அலமாரிக் கோடியில் கிடந்ததை எடுத்து மாட்டியிருந்தார். நிமிர்ந்தார். மேசைமேல் புது ஃபில்டர் ஒன்று, அட்டை பிரித்து, மாட்டத் தயாராக இருந்தது.

"நேத்தே பார்த்துட்டீங்களா?"

"பார்த்தேன் சகலை. நீங்களே உங்க கையால மாத்திட்டா நல்லாருக்கும்னு..." என்று சகலை இழுத்தான்.

அவன் திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். பெருந்தன்மையிலும் முந்திக்கொண்டானே என்றுதான் பற்றிக்கொண்டு வந்தது. ஃபில்டரை மாற்றினார்.

டாக்ஸிக்காரன் சட்டைப்பையில் கைவிட்டு, "எவ்வளவு சார்?" என்றான்.

"ஒண்ணும் வேண்டாம். எங்க குடும்பத்துக் கை பட்ட வண்டி, விடுங்க" என்றான் சகலை.

இவருக்குப் பொறுக்கவில்லை. "எனக்குத் தரவேண்டியதையும் விடு" என்று வாய் முந்திக்கொண்டது.

"முழுசாவாண்ணே? நாலாயிரத்து..."

"முன்னூத்தி எழுபது. முழுசாத்தான். தீர்ந்துபோச்சு, போ."

சொல்லிவிட்டு, சகலையின் முகம் கொஞ்சமாவது சுருங்குகிறதா என்று பார்த்தார். அது மலர்ந்துதான் இருந்தது. "உங்களுக்குப் பெரிய மனசு சகலை" என்றான், உண்மையாகவே.

டாக்ஸிக்காரன் இருவரையும் பார்த்துக் கும்பிட்டான். முதல் கும்பிடு சகலைக்கு.