எஞ்சின் திறந்து கிடந்த பதினோரு நாள்

மலைமேல் செம்மேட்டுப் பட்டறையில் மெக்கானிக் ராசப்பன் பழைய அம்பாசிடர் ஒன்றின் எஞ்சின் தலையைக் கழற்றிய செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு, காரின் சொந்தக்காரர் பூபாலனுக்கு நாடித்துடிப்பு நின்றுபோனது. அவர் சாகவில்லை. தாலுகா அலுவலகத்தில் தன் அதிகாரி நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். பட்டா கேட்டு அலைந்த கண்ணாயி என்ற கிழவியின் மனுவை மூன்றாம் முறையாகத் திருப்பி அனுப்ப எடுத்தவர் அதில், என்ன நினைத்தாரோ, கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனார். சாயங்காலம் கை சில்லென்றிருப்பதைக் கண்டு மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தவள் அவர் மனைவி வனிதா. அதே மலையில் குண்டனி நாடு என்கிற பகுதியின் சுகாதார நிலையத்தில் நர்ஸ். கழுத்தில் பார்த்தாள், ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்த்தாள். நெஞ்சில் சத்தமே இல்லை. அவரோ, "நீ சாப்பிட்டியா?" என்று கேட்டார். கல்யாணமாகிப் பதினாறு வருடத்தில் அவர் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

அந்தப் பதினாறு வருடத்தில் தட்டுகள் பறந்திருக்கின்றன. ஒருமுறை வனிதாவின் கை முறிந்தது. படியில் விழுந்துவிட்டதாக அவள் வேலை பார்த்த இடத்திலேயே எழுதிக் கொடுத்தாள். இப்போது அதே மனிதர் வெங்காயம் உரித்தார், அவள் அம்மாவுக்குப் போன் போட்டு முட்டி வலியை விசாரித்தார், அந்தப் பழைய முறிவின் மேல் தைலம் தடவிவிட்டார். நாடியில்லாத மனிதர் என்று மலை முழுக்கத் தெரிந்தது. மிளகு விலை இறங்கியதைப் பேசுகிற குரலில் அதையும் பேசினார்கள்.

பட்டறையில் ராசப்பன் வால்வுகளைத் தேய்த்து உட்கார வைத்தார். வால்வுகளைத் தள்ளித் திறக்கும் புஷ் ராடு கம்பிகளை ஒவ்வொன்றாகக் கண்ணாடிமேல் உருட்டிப் பார்த்ததில் இரண்டு வளைந்திருந்தன. நாமக்கல்லிலிருந்து புதியவை வந்துசேர ஒரு வாரம் ஆனது. வண்டியைப் பிரித்த நாளும் நாடி நின்ற நாளும் ஒன்றுதான் என்று கணக்குப் பார்த்துவிட்டு, பத்தாம் நாள் வனிதா பட்டறைக்கு வந்தாள்.

"ஏனுங்கண்ணா, அது இப்படியே கெடக்கட்டுங்களே."

"அவருதானுங்க சிஸ்டர் தெனமும் போன் பண்ணி எப்ப முடியும்னு கேக்கறாரு."

"சாமான் கெடைக்கலைன்னு சொல்லிருங்க."

ராசப்பன் கையைத் துணியில் துடைத்தார். முறிந்து கோணலாகச் சேர்ந்திருந்த அவளுடைய மணிக்கட்டைப் பார்த்தார், பார்க்காததுபோல் திரும்பிக்கொண்டார். "பிரிச்ச வண்டியச் சேர்க்காம உட்டதில்லீங்க நானு. கை கேக்காதுங்க."

மறுநாள் காலை வால்வுகளை அழுத்தும் ராக்கர்களை ஏற்றி, நட்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி மாற்றி முடுக்கினார். எட்டாவது வால்வு முழுக்க அழுந்தியிருக்கையில் ஒன்றாவதின் இடைவெளி, ஏழாவது அழுந்தியிருக்கையில் இரண்டாவது என்று, கூட்டினால் ஒன்பது வருகிற கணக்கில் எட்டு வால்வுக்கும் மெல்லிய தகடு நுழைத்துச் சரிபார்த்தார். தகடு லேசாகப் பிடித்து வழுக்கியது. அதைவிட நேர்த்தியாக அவர் எந்த வண்டியையும் சேர்த்ததில்லை. பூபாலன் பக்கத்தில் நின்று பார்த்தார். வனிதா அவர் கையைப் பிடித்திருந்தாள், அவர் விடுவித்துக்கொள்ளவில்லை. ராசப்பன் சாவியைத் திருப்பினார். எஞ்சின் ஒரே திருப்பில் பிடித்துக்கொண்டது, வால்வு தட்டும் டேப்பட் சத்தம் துளியும் இல்லை. வனிதாவின் விரல்களுக்கடியில் நாடி எழுந்தது. நிமிடத்துக்கு எழுபத்திரண்டு, நல்ல நாடி.

பூபாலன் கையை உதறினார். "நாலு பேரு பாக்கறப்ப என்ன கையப் புடிச்சுட்டு நிக்கற?"

திரும்பும் வழியில் வனிதா, இத்தனை நாளாக நீங்கள் வேறு மாதிரி இருந்தீர்கள் என்று மட்டும் சொன்னாள். அவர் கியரை மாற்றினார். "அந்தப் பதினோரு நாளும் எனக்கு ஒடம்பு சரியில்ல."

மூன்றாம் மாதம் வனிதா வேலையில் மாறுதல் வாங்கிக்கொண்டு அடிவாரத்துக் காரவள்ளி வழியாகப் பஸ்ஸில் மலையிறங்கிப் போனாள், திரும்பி வரவில்லை. வருடத்துக்கு ஒருமுறை ராசப்பன் வால்வு மூடியைத் திறக்கும் நாளில் பூபாலன் மனுக்களில் கையெழுத்துப் போடுவார் என்பது தெரிந்து, ஜனங்கள் அன்றைக்கே அலுவலகம் போய் வருகிறார்கள். வனிதாவின் இடத்துக்கு நர்ஸாக வந்த ஜாஸ்மின் ஒருமுறை அப்படியொரு நாளில் பூபாலனுக்குப் பிரஷர் பார்த்தாள். எண் எழுதும் கட்டத்தில் 'கார் ரிப்பேர்' என்று எழுதிவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.