முதலிடத்தில் மூன்று எழுத்து

பட்டென்று ஒரு சத்தம். விளக்கு, மின்விசிறி, மெஷின் எல்லாம் ஒரே மூச்சில் அடங்கின.

மருமகள் நின்ற இடத்திலேயே உறைந்து போனாள். இடது கையில், மெஷினின் தலைப்பெட்டியிலிருந்து அப்போதுதான் கழற்றிய பழைய பாட்டரிகள். வலது கையில், இன்னும் உள்ளே போகாத புதியவை. இன்னும் கண்சிமிட்டும் நேரம் கரண்ட் இருந்திருந்தால் போதும், மாற்றி முடித்திருப்பாள்.

பின்கட்டிலிருந்து அத்தையின் குரல் வந்தது. ரப்பர் வார்க்கும் அச்சுக்குச் சூடு போட்டாளாம், மெயின் சுவிட்ச் விழுந்துவிட்டதாம், இதோ தூக்கி விடுகிறேன் என்றாள். தூக்கியும் விட்டாள். விளக்கு வந்தது, விசிறி சுற்றியது. மருமகளுக்குத்தான் உயிர் திரும்பவில்லை.

அந்த வீட்டின் முன்னறையும் பின்கட்டும்தான் பட்டறை. கண்ணாடிக்கு அடியில் இரும்புக் குண்டு உருண்டோடும் பின்பால் மெஷின்களுக்கு உதிரிபாகம் செய்வது மாமியாரும் மருமகளுமாகப் பார்த்துவந்த தொழில். எங்கெங்கிருந்தோ உடைந்த பாகம் பார்சலில் வரும். அச்சு அசலாகப் புதுசு திரும்பிப் போகும். குண்டு மோதித் திரும்புகிற ரப்பர் வளையங்களையும், குண்டு முட்டினால் ஸ்கோர் ஏற்றும் பம்பர்களுக்கு மேலே உட்காரும் பிளாஸ்டிக் தொப்பிகளையும் அத்தை வார்ப்பாள். குண்டைத் தட்டிவிடும் ஃபிளிப்பர்களுக்குச் செம்புக் கம்பியில் காயில் சுற்றுவது மருமகள். செய்ததைப் பொருத்திப் பார்க்க முன்னறையில் ஒரு மெஷின் இருந்தது.

அது அவள் புருஷனுடைய மெஷின். வெளியூரில் ஒரு மெஷினைச் சரிசெய்து கொடுத்துவிட்டு மழையில் வண்டியோட்டி வந்தவன், வீடு வந்து சேரவில்லை. அவன் துணிமணிகளை யார் யாரோ வாங்கிப் போனார்கள். செருப்பைக்கூட அத்தை எங்கேயோ கொடுத்துவிட்டாள். மிஞ்சியது மெஷினுக்குள் இருந்த அவனுடைய ஸ்கோர் மட்டும்தான். சுவிட்சைப் போட்டதும் எல்லாருக்கும் மேலே, முதலிடத்தில், அவன் பெயரின் மூன்று எழுத்து மினுக்கும்.

தினமும் காலையில் அத்தைதான் சுவிட்சைப் போடுவாள். டீ டம்ளரோடு மருமகளையும் கூப்பிட்டு நிறுத்திக்கொள்வாள். எழுத்து வரும். "ம், இருக்கான்" என்பாள் அத்தை. அதற்குப் பிறகுதான் வேலை தொடங்கும். மற்றபடி அத்தைக்கு அந்த மெஷினைக் கண்டாலே ஆகாது. கரண்ட்டைக் குடிக்கிற பிசாசு, சோம்பேறிகளுக்குப் பிறந்த பொட்டி என்று வாய்க்கு வந்தபடி திட்டுவாள்.

கரண்ட் இல்லாத நேரத்தில் அந்த எழுத்துகளைக் காப்பது உள்ளே இருக்கும் பாட்டரிகள். இன்று காலை தலைப்பெட்டியைத் திறந்த மருமகள் அவை பச்சை பூத்துக் கசிந்திருப்பதைப் பார்த்தாள். விட்டுவைத்தால் போர்டையே அரித்துவிடும். அணைத்துவிட்டுக் கழற்றினால் ஸ்கோர் போய்விடும். மெஷினை ஓடவிட்டபடியே மாற்ற வேண்டும். அது இந்தத் தொழிலில் இருக்கிற யாருக்கும் தெரியும். அத்தையிடம் சொன்னால் மனசு கெட்டுப்போய் நாளெல்லாம் சாப்பிட மாட்டாள் என்று சொல்லாமலே கையை வைத்தாள். பத்து நிமிஷம் அச்சைப் போடாதீர்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

புதிய பாட்டரிகளைப் போட்டு மெஷினைப் பார்த்தாள். முதலிடத்தில் கம்பெனிக்காரன் போட்டு அனுப்பிய, யாருடையதும் இல்லாத எழுத்துகள் பல்லிளித்தன.

அத்தை கையைத் துடைத்தபடி வந்து பார்சல்களை எடுத்துக்கொண்டாள். பார்சல் ஆபீசில் இன்று கூட்டமிருக்கும், வர நேரமாகும், நீ சாப்பிட்டுவிடு என்றாள். மெஷின் பக்கம் திரும்பவில்லை. அவள் தெருமுனை தாண்டும்வரை மருமகள் தலைப்பெட்டியை முதுகால் மறைத்துக்கொண்டு நின்றாள்.

நாளைக் காலையில் டம்ளரோடு வந்து நிற்பாளே. பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் அவன் மிச்சத்தையும் நானே துடைத்துவிட்டேன் என்று எந்த வாயால் சொல்வது?

அதிக ஸ்கோர் எடுப்பவர் தன் மூன்று எழுத்தைப் போட மெஷின் இடம் தரும்; அப்படி அவன் பெயரைத் திரும்பப் போட விளையாடிப் பார்த்தாள். காயில் சுற்றத் தெரிந்த கைக்குக் குண்டை அடிக்கத் தெரியவில்லை. ஃபிளிப்பர்கள் எழும்புவதற்குள் குண்டு அவை இரண்டுக்கும் நடுவே புகுந்து பள்ளத்தில் விழுந்தது. திரும்பவும் விழுந்தது. "நீ பந்து அடிக்கிறியா, கொசு அடிக்கிறியா?" என்று அவன் பின்னால் நின்று சிரிப்பான். இன்று பின்னால் யாருமில்லை. அவன் எடுத்த ஸ்கோரில் கால்வாசியைக்கூட அவளால் தொட முடியவில்லை.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. மேல்கண்ணாடியை உருவிச் சுவரோரம் சாய்த்தாள். பம்பரின் விளிம்பை விரலால் அமுக்கினாள். டிங். ஸ்கோர் ஏறியது. குண்டு முட்டினால் என்ன, விரல் முட்டினால் என்ன, மெஷினுக்கு வித்தியாசம் தெரியாது. பட்டறையில் சோதித்துப் பார்க்கும்போது எப்போதும் செய்கிற வேலைதான் இது. டிங், டிங், டிங். எண்கள் மளமளவென்று ஏறின. அவனுடைய ஸ்கோரைத் தாண்டியதும் அவன் எழுத்துகளைப் போட்டுவிட்டால் தீர்ந்தது. அத்தைக்குத் தெரியவே போவதில்லை.

பாதி தாண்டியபோது விரல் தயங்கியது. சட்டை முதுகோடு ஒட்ட, ராவும் பகலும் நின்று அவன் எடுத்த ஸ்கோர். அதைக் காலிங்பெல் அடிக்கிற மாதிரி அடித்துச் சேர்க்கிறாளே. அதற்குக் கீழே அவன் பெயரை எழுதினால் அது அவனாகுமா? கண்ணில் நீர் முட்டி எண்கள் கலங்கின. ஆனாலும் அத்தையின் முகம் நினைவுக்கு வர, விரல் நிற்கவில்லை. டிங். டிங்.

"என்னம்மா பண்றே?"

திடுக்கிட்டுத் திரும்பினாள். வாசலில் அத்தை, காலிப் பையோடு. கூட்டமில்லை போலும். அவள் கண் சாய்த்து வைத்த கண்ணாடியைப் பார்த்தது, பம்பர் மேல் இருந்த விரலைப் பார்த்தது, ஏறிக்கொண்டிருந்த எண்களைப் பார்த்தது. பட்டறைக்காரிக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

"பாட்டரி கசிஞ்சிருந்துச்சு அத்தை. மாத்தும்போது கரண்ட் போயிடுச்சு." விரல் இன்னும் பம்பர் மேலேயே இருந்தது. "அவர் போட்டது எல்லாம் போச்சு. என்னை மன்னிச்சிடுங்க."

அத்தை பையை மேசைமேல் வைத்தாள். மெல்ல வந்து மருமகளின் விரலை பம்பரிலிருந்து எடுத்து, முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்தாள். சுவரோரம் இருந்த கண்ணாடியின் ஒரு பக்கத்தைத் தான் பிடித்து மறுபக்கத்தை அவள் பிடிக்கக் காத்திருந்தாள். தாழ்ந்த குரலில், யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னாள்:

"அவன் போட்டது போன வருஷமே என் கையால அழிஞ்சு போச்சும்மா, தெரிஞ்சா நீ தாங்க மாட்டேன்னு, உங்கம்மா வீட்டுக்கு நீ போயிருந்த அந்த மாசம் பூரா நான்தான் விளையாடி விளையாடி அவன் பேரைத் திரும்பக் கொண்டுவந்தேன்."