இடது பக்கத்துத் துடுப்பு

...ஐம்பத்தொன்பதா, அறுபதா, பின்பக்கம் பார்த்தாலே போதும், ஐம்பத்தொன்பது இம்பாலா காருக்கு விளக்கு பூனைக்கண் மாதிரி சாய்ந்திருக்கும், அறுபதுக்குப் பக்கத்துக்கு மூன்று வட்டம், அடக்கமானது, அதுதான் அழகு என்று தங்கரத்தினம் எத்தனை வருஷமாய்ச் சொல்கிறார், ஜெய்னுதீன் கேட்டால்தானே. தன்னுடைய ஐம்பத்தொன்பதை விட்டுக்கொடுப்பானா? இப்போதும் பிரிக்பீல்ட்ஸ் கடையை அப்படியே போட்டுவிட்டு இவரை ஏற்றிக்கொண்டு கிள்ளானுக்கு ஓட்டுகிறான், ஓட்டிக்கொண்டே வாயைக் கிண்டுகிறான், “எட்செல் கார் மூஞ்சியச் சொல்லு ரத்தினம்”, கொட்டாவி விட்டு மூட மறந்த வாய் என்று சொல்ல வேண்டும், சொன்னார். ஸ்டூடிபேக்கர்? ஏரோப்ளேன் மூக்கு, விசிறியைத்தான் காணோம். அதையும் சொன்னார். இவர் வேறெதையும் நினைக்கக் கூடாதென்றுதான் கேட்கிறான், தெரிகிறது, பாவி, இவனைப் போல் யார் இருக்கிறார்கள்.

காலையில் போலீஸ்காரர் வீட்டுக்கு வந்தபோது மனைவி மீனலோசனி கோயிலில் இருந்தாள், நல்லவேளை. பந்திங் சாலையில் செம்பனை லோரியில் மோதிய மோட்டார் சைக்கிள் மகன் வாசு பெயரில் இருக்கிறதாம், ஓட்டியவன் அந்த இடத்திலேயே முடிந்துவிட்டானாம், பையில் ஐசி, அடையாள அட்டை, இல்லையாம், முகத்தை வைத்துச் சொல்ல முடியாதாம், உடம்பில் மச்சமோ தழும்போ இருந்தால் யோசித்துக்கொண்டு கிள்ளான் ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னார். வண்டியை யாருக்காவது இரவல் கொடுத்திருப்பான், கொடுக்கக்கூடியவன்தான், கேட்டால் சட்டையையும் கழற்றிக் கொடுப்பான், அந்த ஊதாரித்தனத்துக்குத்தானே போன தீபாவளிக்குச் சண்டை. அரசாங்க வேலை வேண்டாமாம், ஜெஞ்சாரோம் ஒர்க்‌ஷாப்பில் டட்சன் காருக்கு அடியில் படுத்துக் கிடப்பானாம். மீனலோசனியிடம் சொல்லவில்லை. சொன்னால் அவள் அழுகிற அழுகையில் ஸ்காட் ரோடு முழுக்க வந்து நின்றுவிடும், பிள்ளை இருக்கும்போதே செத்த வீடாகிவிடும், முதலில் நிச்சயமாகத் தெரியட்டும். பென்சன் விஷயமாய்க் கிள்ளான் போறேன் என்றார். அவள் முகம் மலர்ந்துபோய் ஒரு மைலோ டின் நிறைய முறுக்கை அடைத்துக் கையில் திணித்தாள். “அப்படியே வாசுவப் பாத்துட்டு வாங்க. சண்டை போடாம குடுங்க லா.” டின் மடியில் இருக்கிறது. சூடு இன்னும் ஆறவில்லை.

தழும்பு உண்டு. உண்டு, அது நன்றாகத் தெரியும், இதே கார்தான் போட்டது. ஜெய்னுதீன் தோட்டத்துத் துரையிடமிருந்து வாங்கிவந்த புதிது, வாசல் முன்னால் நிறுத்தியிருந்தான், வாசு அப்போது ஒன்றாம் வகுப்பு, குட்டிச் சைக்கிளோடு வந்து, பின்பக்கம் கூராய் நீண்டிருக்கும் தகரத் துடுப்பில் விழுந்தான், மேல்கையில் சதை பிளந்துவிட்டது. அந்தக் காலத்தில் காருக்கு இறக்கை வைத்தவர்கள் பிள்ளைகள் எவ்வளவு உயரம் இருப்பார்கள் என்று நினைத்தார்களா? எந்தக் கை? சைக்கிள் ஹேண்டில் உரசியது இடது துடுப்பில், நுனிக்குச் சற்று உள்ளே, வெள்ளிப் பட்டையில் கோணலாய் ஒரு கீறல். அது கண்ணுக்குள் நிற்கிறது. பின்னாலிருந்து வந்திருந்தால் வலது கை, முன்னாலிருந்து வந்திருந்தால் இடது... எங்கிருந்து வந்தான்? வாகனப் பதிவு ஆபீசில் உட்கார்ந்து ஆயிரம் வண்டிக்கு அடையாளம் எழுதிய மனுஷன், பெற்ற பிள்ளைக்கு ஒரு கை தெரியவில்லையா? மீனலோசனியைக் கேட்டால் தூக்கத்தில் சொல்வாள். கேட்க முடியாதபடி தானே செய்துகொண்டாயிற்று.

கிள்ளான் ஆஸ்பத்திரிப் பிணவறை வாசலில் போலீஸ்காரர் பேனாவைத் திறந்துகொண்டு கேட்டார், “தழும்பு எந்தப் பக்கம் அங்கிள், கிரியா, கானானா?” இடதா வலதா, அவ்வளவுதான் கேள்வி. ஒரு நிமிஷம் என்று கார் நிற்கும் இடத்துக்கு நடந்தார். குனிந்தார். கீறல் அங்கேயே இருந்தது, துரு ஏறி. துடுப்பின் பக்கத்தில் வலது தோளை வைத்துப் பார்த்தார், திரும்பி இடது தோளை வைத்துப் பார்த்தார், இரண்டும் பொருந்தியது.

“என்னா பண்றே ரத்தினம்?” ஜெய்னுதீன் ஓடிவந்தான்.

“வாசுவுக்கு எந்தக் கை ஜெய்னு?”

“வலது கை லா. நான்தானே சாரத்தக் கிழிச்சுக் கட்டுனேன். நீ அப்போ...” என்று தொடங்கியவன் நிறுத்திக்கொண்டான், பார்வையைத் தரையில் போட்டான். நான் அப்போ? பிள்ளை அலறியது காதில் இருக்கிறது, ஆனால் முகம் எங்கே, ரத்தம் எங்கே, எதுவும் வரவில்லை... கைக்குட்டை மட்டும் நினைவுக்கு வந்தது. அன்று எச்சில் தொட்டு அந்தக் கைக்குட்டையால் வெள்ளிப் பட்டையைத் துடைத்துக்கொண்டிருந்தார், கீறலா வெறும் தூசியா என்று, தன் கார் இல்லை, சிநேகிதன் கார், புதுசு...

உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். வலது கை வழுவழுவென்று இருக்க வேண்டும், கடவுளே, யார் பெற்ற பிள்ளையாய் இருந்தாலும் சரி, வழுவழுவென்று இருக்க வேண்டும். முறுக்கு டின்னைக் காரில் வைக்க மனம் வரவில்லை, நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

“ஜெய்னு, நீயும் உள்ள வா. நீ பாத்தாத்தான் தெரியும்.”