கலந்த மாத்திரை

பாடையைத் தூக்கக் குனிந்தவர்களை மகேஸ்வரி குறுக்கே போய் நின்று மறித்தாள்.

"கீழ வையுங்க. ஆஸ்பத்திரிக்காரங்க வரட்டும்."

வங்காளத்தில், சாந்த்ராகாச்சி ரயில்வே குவார்ட்டர்ஸ் வாசலில் அவள் அப்பா சண்முகம் கிடந்தார். தண்டவாளத்தில் சம்மட்டி அடித்துக் காய்த்துப்போன கைகளைக் கட்டைவிரல் சேர்த்து நெஞ்சின் மேல் கட்டியிருந்தார்கள். அவருடைய ரயில்பாதை கேங்கின் தலைவர் ஜெயபிரகாஷ் இடுப்பை நிமிர்த்தினார்.

"என்ன மகேசு இது? வெயிலு ஏறுது. சிப்பூர் சுடுகாட்டுல வரிசை வேற நிக்கும்."

"உள்ளுக்குள்ள என்ன ஆச்சுன்னு அறுத்துப் பாத்துச் சொல்லட்டும். அப்புறம் தூக்கிக்கலாங்ண்ணா."

தலைமாட்டிலிருந்து அம்மா அருக்காணி கத்தினாள். "குடல்ல கட்டின்னு ஒருக்கா அறுத்தாங்க. செத்த பொறவும் அறுக்கோணுமா? எம் மனுசன் என்ன கறிக்கடையில தொங்கற ஆடா?"

மகேஸ்வரி பாடைக்குக் குறுக்கேயே நின்றாள். நகரவில்லை.

ஆபரேஷன் முடிந்து அனுப்பும்போது ஆஸ்பத்திரியில் ஒரு டப்பா கொடுத்திருந்தார்கள். குடல் ஆபரேஷன் ஆனவர்களுக்குக் காலில் ரத்தம் உறையும், அது மேலே ஏறினால் ஆபத்து, உறையாமல் இருக்க மாத்திரை என்றார்கள். ஆனால் அது ஆராய்ச்சி. சேர்ந்தவர்களில் பாதிப் பேருக்கு நிஜ மருந்து. மீதிப் பேருக்கு அதே நிறத்தில் வெறும் மாவு. கம்ப்யூட்டர்தான் பிரிக்கிறது, யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாது என்றார்கள். மகேஸ்வரி அன்றைக்கே நம்பவில்லை. மீன் விற்கிறவனுக்கு எந்தக் கூடையில் பழைய மீன் என்று தெரியாமலா இருக்கும்? கேங்குக்காரனுக்கு மாவுதான் விழும்.

கொஞ்ச நாளாக அப்பாவின் இடது கெண்டைக்கால் வீங்கியிருந்தது. நடந்தால் வடிந்துவிடும் என்றார். இன்று விடிந்ததும் கக்கூஸிலிருந்து வந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கதவில் சாய்ந்தார். கால் ரத்தக்கட்டி ஏறி நுரையீரலை அடைத்திருக்கும் என்று ரயில்வே டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். ஆராய்ச்சி ஆபீஸுக்குப் போன் செய்தாள். எடுத்த பெண் வருத்தம் சொன்ன மூச்சிலேயே கேட்டாள்: மிச்ச மாத்திரை டப்பா பத்திரமாக இருக்கிறதா? வாங்கிக்கொள்ள நேரில் வருகிறேன்.

மனுஷன் போனதைவிட டப்பா பெரிதா? மகேஸ்வரி அதை அரிசி டிரம்முக்குள் புதைத்து வைத்தாள்.

செய்தி கேட்டு, நகரத்தின் லேக் கார்டன்ஸிலிருந்து டாக்ஸியில் ஜம்புநாதன் வந்தார். பேங்கில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். வார்டில் அப்பாவுக்குப் பக்கத்துக் கட்டில், அதே ஆபரேஷன், அதே ஆராய்ச்சி. தமிழ் பேச ஆள் கிடைத்த சந்தோஷத்தில் அப்பா வலியைக்கூட மறந்திருந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு வந்தவர் அப்பாவின் காலைத் தொட்டார். பிறகு மகேஸ்வரியிடம் குனிந்தார்.

"மாத்திரை டப்பாவை என்னம்மா பண்ணினே?"

"நீங்களுமா? அவங்க அனுப்பிச்சாங்களா?"

"இல்லேம்மா. சித்த உள்ளே வா."

சமையலறையில் அடுப்பு மூட்டாமல் கிடந்தது. அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"டிஸ்சார்ஜ் ஆன அன்னிக்கே ரெண்டு டப்பாவையும் துண்டுல கொட்டிக் கலந்துட்டோம். ஆளுக்குப் பாதியா அள்ளிண்டோம்."

"எதுக்கு?"

"எது நெஜம்னு தெரியலையே. கலந்துட்டா ரெண்டு பேருக்கும் பாதியாவது மருந்து போகுமேன்னு."

"படிச்சவங்க மூளை."

"உங்கப்பா சொன்னதும்மா. 'கேங்குல எல்லார் தூக்குப்போசியையும் ஒண்ணாக் கொட்டித்தான் திம்போம் சாமி, ஒருத்தன் கறி கொண்டாருவான், ஒருத்தன் வெறுஞ்சோறு கொண்டாருவான்'னார்."

அப்பா பேசுகிற மாதிரியேதான் இருந்தது. ஆனால் செத்தவர் வாயில் யார் எதை வேண்டுமானாலும் போடலாம். அவள் பார்வை அவருடைய வேட்டிக்குக் கீழே போனது. இரண்டு கெண்டைக்காலும் ஒரே அளவாக, ஒல்லியாக இருந்தன.

"எங்கப்பனுது நெஜமா இருந்திருந்தா?"

"இருக்கலாம்."

"உங்களுது?"

"அதுவும் இருக்கலாம்மா. டப்பா நம்பரை வெச்சு எதுல மருந்துன்னு அவா கண்டுபிடிச்சுடுவா. ஆனா உள்ள இருக்கறது கலந்ததுன்னா? இப்போ இதைச் சொன்னா, டாக்டர் கையைக் கழுவிண்டுடுவான். உங்கப்பா பேருதான் கெடும்."

"எங்கப்பன் பேரா, உங்க பேரா?"

ஜம்புநாதன் நிலைப்படிப் பக்கம் நகர்ந்தார்.

வாசலில் ஆட்டோ நின்றது. இறங்கிய ஆராய்ச்சி ஆபீஸ் பெண்ணுக்குச் சின்ன வயது. பாடையைக் கண்டதும் அவள் கண் கலங்கியது. அதையும் மகேஸ்வரி சந்தேகத்தோடுதான் பார்த்தாள். அந்தப் பெண் அக்கா, சித்தப்பா என்று உறவு வைத்து வங்காள மொழியில் கேட்டாள்:

"தீதி, காக்கு தினமும் மாத்திரை சாப்பிட்டாரா? ஒருநாளும் விடாம? சந்தேகமா இருந்தா போஸ்ட்மார்ட்டம் கேக்கலாம். அது உங்க உரிமை."

எல்லோரும் மகேஸ்வரியைப் பார்த்தார்கள். அறுத்தால் நுரையீரலில் ரத்தக்கட்டி தெரியும். கட்டி இருக்கிறதென்றுதான் ஏற்கெனவே சொல்லியாயிற்று. எந்த மாத்திரை யார் வயிற்றுக்குப் போனது என்று எந்தக் கத்தி சொல்லும்? நிலைப்படியில் ஜம்புநாதன் ஆபரேஷன் தழும்பின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"தினமும் சாப்பிட்டார்" என்றாள் மகேஸ்வரி. "ஒருநாளும் விடலை."

உள்ளே போய் டப்பாவைத் தோண்டி எடுத்து, அரிசித் தூசியை முந்தானையில் துடைத்துக் கொடுத்தாள். அந்தப் பெண் அதைப் பிளாஸ்டிக் பையில் போட்டு ஒட்டினாள்.

"போஸ்ட்மார்ட்டம்?"

"வேண்டாம்."

ஜெயபிரகாஷ் கையைத் தட்டினார். கேங்குக்காரர்கள் தண்டவாளம் தூக்குகிற மாதிரி குனிந்தார்கள். பழக்கத்தில் ஒருவன் பாரம் தூக்கும்போது போடும் கூவலை, "ஜோர் லகாகே" என்று ஆரம்பித்துவிட்டான். மற்றவர்கள் பதில் குரலை விழுங்கிக்கொண்டு தூக்கினார்கள். அருக்காணி மண்ணில் விழுந்து அழுதாள்.

பாடை லெவல் கிராஸிங் பக்கம் திரும்பியது. கூட்டத்தின் பின்னால் போகக் கிளம்பிய ஜம்புநாதன், கூட்டத்தில் மிதிபட்டுத் தள்ளிப் போயிருந்த தன் செருப்பைத் தேடினார். ஒன்று படிக்குக் கீழே, ஒன்று சாக்கடை ஓரம். குனியப் பார்த்தார். வயிறு விடவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு மறுபடி முயன்றார்.

மகேஸ்வரி பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு போய், ஒவ்வொரு செருப்பாக, தன் காலால் அவர் காலருகே தள்ளிவிட்டாள்.