நாலு மணிக்கு மூடும் கவுண்டர்

பல்கலைக்கழக அலுவலகத்தின் மூன்றாம் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவளுக்கு மாணவர்கள் வைத்த பெயர் ரிட்டர்ன் மேடம். ஒரு புள்ளி விட்டுப்போனாலும் விண்ணப்பம் திரும்பி வந்துவிடும். மணி நாலு அடித்தால் ஷட்டர் இறங்கிவிடும். ராஜா வீட்டுப் பிள்ளையே வரிசையில் நின்றாலும் நாளைக்குத்தான். இருபத்திரண்டு வருஷமாக இதில் மாற்றமில்லை.

அந்த ரிட்டர்ன் மேடம்தான் அங்கேயே படிக்கும் ஒரு பெண்ணுக்குச் சித்தி. அம்மா இறந்துபோனபோது அவளுக்கு ஏழு வயது. சோறு போட்டது, சடை பின்னியது, இதே பல்கலைக்கழகத்தில் கணினிப் படிப்பில் சேர்த்துவிட்டது, எல்லாம் சித்தி. வீட்டில் வேறு ஆள் கிடையாது. அப்படிப்பட்டவளிடம் போய், எனக்கு இந்தப் படிப்பு வேண்டாம், ரயிலில் எட்டு மணி நேரம் போய் வேறு பல்கலைக்கழகத்தில் மண்ணியல் படிக்கிறேன் என்று எந்த முகத்தோடு சொல்வது? நன்றி கெட்ட கழுதை என்று தன்னையே திட்டிக்கொண்டு இரண்டு மாதத்தை ஓட்டிவிட்டாள்.

விண்ணப்பம் கொடுக்கக் கடைசி நாளும் வந்தது. அவள் ஒரு கோழைத்தனம் செய்தாள். மாறுதல் விண்ணப்பத்தில் காரணம் கேட்கும் கட்டத்தைக் காலியாக விட்டு வரிசையில் நின்றாள். எப்படியும் திரும்பி வரும். விதி என்று இருந்துவிடலாம்.

சித்தி தாளைப் பார்த்தாள். முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை.

"காரணம் எங்க? எழுதிட்டு வா. அடுத்தது."

தாளைத் திரும்ப வாங்கியதும் நிம்மதி வரவில்லை, அழுகைதான் வந்தது. தனக்கு என்ன வேண்டும் என்று அப்போதுதான் அந்த மக்குக்குத் தெரிந்தது. ஊரே எழுதுகிற பொய்யை எழுதினாள்: குடும்பச் சூழ்நிலை. மறுபடி வரிசை.

"குடும்பச் சூழ்நிலையா?" சித்தி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள். "குடும்பம் இங்கதான உக்காந்திருக்கு. அதுக்கு என்ன சூழ்நிலை? நெசத்த எழுதிட்டு வா."

மணி மூன்று ஐம்பது. தாளைத் தூணில் வைத்து எழுதினாள்: "மண்ணையும் தண்ணீரையும் பாட்டிலில் போட்டுக் குலுக்கினால் மணல் உடனே அடியில் தங்கிவிடும், களிமண் தெளிய நாள் கணக்காகும். அதைப் பார்த்துக்கொண்டிருந்தால் எனக்குப் பசிகூடத் தெரிவதில்லை. அதனால் இதைத்தான் படிக்க வேண்டும்." ஓடி வந்தால் முன்னால் ஒன்பது பேர்.

நாலு அடித்தது. சித்தியின் கை பழக்கத்தில் ஷட்டர் கொக்கிக்குப் போனது. வரிசை முழுக்க "ஐயோ" என்றது. கொஞ்ச நேரம் அங்கேயே நின்ற கை, கீழே இறங்கி அடுத்த தாளை வாங்கியது.

பியூன் பதறினார். "மேடம், நாலாயிடுச்சு."

"அந்தக் கடிகாரம் வேகமா ஓடுது."

தினமும் காலையில் நாற்காலி போட்டு ஏறி அந்தக் கடிகாரத்தைச் சரிபார்ப்பதே சித்திதான்.

அவள் முறை வந்தது. சித்தி காரணத்தை இரண்டு தடவை படித்தாள்.

"குளிக்கிற ரூம் ஜன்னல்ல பதினோரு பாட்டில் வரிசையா நிக்குது. எனக்குக் கண்ணு அவிஞ்சு போச்சுன்னு நினைச்சியா? நீ எப்ப வாயத் திறப்பேன்னுதான் பாத்துட்டு இருந்தேன்."

"நீங்க தனியா இருப்பீங்களே, சித்தி."

"ஒரு பாட்டில விட்டுட்டுப் போ. போதும்."

முத்திரை விழுந்தது. பக்கத்தில் 'பெறப்பட்ட நேரம்' என்று ஒரு கட்டம். நாலுக்கு மேல் வாங்கிய தாள் செல்லாது. சுவரில் மணி நாலு இருபது. நெசத்தை எழுதச் சொல்லித் திருப்பி அனுப்பிய சித்தி, மூன்று ஐம்பத்தெட்டு என்று தெளிவாக எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

அவள் அதைப் பார்த்தாள். நெஞ்சு நிறைந்துவிட்டது.

"ரொம்ப நன்றி, சித்தி."

"ஆபீஸ்ல மேடம்னு கூப்பிடு," என்றாள் சித்தி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "அடுத்தது."