மூணு மணித் தலைவலி

துணி தைத்து அனுப்பும் அந்தக் கம்பெனியில் நர்ஸுக்கு ‘ஏன் சிஸ்டர்’ என்று பெயர். தலைவலி என்று போனால் மாத்திரையை நீட்டி அனுப்புகிற ஆள் இல்லை அவள். ஏன் வலிக்குது, எப்போதிலிருந்து, காலையில் என்ன சாப்பிட்டாய், ராத்திரி தூங்கினாயா என்று துருவித் துருவிக் கேட்டு, எல்லாவற்றையும் நோட்டில் எழுதிய பிறகுதான் மாத்திரை. “கேள்வியிலயே தலைவலி போயிடுச்சு சிஸ்டர்” என்று பாதியில் எழுந்து போனவர்களும் உண்டு. அதையும் அவள் எழுதி வைத்திருக்கிறாள்.

அந்த வருஷம் கோடை இரண்டு மாதம் முன்னாலேயே வந்து உட்கார்ந்துகொண்டது. மதியம் மூணு மணியானால் அவள் அறை வாசலில் வரிசை நிற்கும். வருகிறவர்கள் எல்லாரும் பக்கத்திலிருந்த இஸ்திரிப் பிரிவுப் பெண்கள். மேலே தகரக் கூரை, கையில் ஆவி கக்கும் இஸ்திரிப்பெட்டி, முதுகுக்குப் பின்னால் பாய்லர் குழாய். ஒரு நாள் அவளே போய் அங்கே தெர்மாமீட்டர் ஒன்றை மாட்டினாள். மூணு மணிக்கு நாற்பத்தொன்று காட்டியது. தலைவலி வராமல் வேறு என்ன வரும்?

விஷயம் அதோடு நின்றிருந்தால் கதையே இல்லை. வருஷாந்தர ரத்தப் பரிசோதனை முடிந்து பட்டியல் வந்தது. ஏழு பேருக்குக் கிரியாட்டினின் ஏறியிருந்தது. சிறுநீரகம் வடிகட்டி வெளியே தள்ளவேண்டிய கழிவு அது. ரத்தத்தில் அது ஒன்றையொட்டி இருக்க வேண்டும், அதற்கு மேல் ஏறினால் வடிகட்டி சரியாக வேலை செய்யவில்லை என்று அர்த்தம். ஏழு பேரும் இஸ்திரிப் பிரிவு. ஏழு பேரில் எல்லாரையும்விட அதிகம், இரண்டு புள்ளி ஒன்று, அவளுடைய சொந்த நாத்தனாருக்கு.

நாத்தனாருக்கு முப்பத்திரண்டு வயசு. புருஷன் வெளியூரில் வேலை, பள்ளிக்கூடம் போகிற மகள் ஒருத்தி, நர்ஸோடு எல்லாரும் ஒரே வீடு. இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே நர்ஸ்தான். ஆஸ்பத்திரி டாக்டரம்மா இரண்டு பேரையும் உட்கார வைத்து, மூணு வாரம் கழித்து மறுபடி பார்க்கலாம், இறங்கினால் தப்பித்தோம், ஏறினால் பெரிய வைத்தியம் என்று சொல்லி அனுப்பினார்.

வீட்டுக்கு வரும் வழியில் நாத்தனார் கேட்டாள். “எனக்கு சுகரும் இல்ல, பிரஷரும் இல்ல. அப்புறம் ஏன் அண்ணி கிட்னி?”

“அதத்தான் நானும் யோசிக்கிறேன்.”

“நீங்க யோசிச்சா கண்டுபிடிச்சிருவீங்க. ஊர்ல இருக்கறவங்க தலைவலிக்கெல்லாம் காரணம் எழுதி வச்சிருக்கீங்க, என் கிட்னிக்கு மட்டும் இருக்காதா?” என்று சிரித்தாள். பயந்தவள் சிரிக்கிற சிரிப்பு அது. நர்ஸால் கூடச் சேர்ந்து சிரிக்க முடியவில்லை.

மறுநாளே ஆரம்பித்தாள். முதலில் தண்ணீர்த் தொட்டி மேல் சந்தேகம். பாட்டிலில் பிடித்து லேபுக்கு அனுப்பினாள். குறையொன்றும் இல்லை என்று ரிப்போர்ட் வந்தது. அடுத்து பாய்லர். அதில் என்ன மருந்து ஊற்றுகிறீர்கள், எவ்வளவு, எப்போது என்று பாய்லர்காரரை ஒரு மணி நேரம் குடைந்தாள். “பொண்டாட்டிகூட என்ன இவ்வளவு கேள்வி கேட்டதில்ல சிஸ்டர்” என்று அவர் கோபித்துக்கொண்டார். அதிலும் ஒன்றும் கிடைக்கவில்லை.

பிறகு எடை மெஷினைத் தூக்கிக்கொண்டு இஸ்திரிப் பிரிவு வாசலுக்கே போய்விட்டாள். காலையில் உள்ளே வரும்போது ஒரு தடவை, சாயங்காலம் வெளியே போகும்போது ஒரு தடவை. “பொண்ணு பார்க்க வர்றாங்களா சிஸ்டர், எடை எல்லாம் பாக்கறீங்க?” என்று ஒரே கேலி. சாயங்காலக் கணக்கைப் பார்த்து அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒவ்வொருத்தியும் ஒரே நாளில் ஒன்றரைக் கிலோ, இரண்டு கிலோ குறைந்திருந்தாள். அவ்வளவும் வியர்வை. கொண்டுவந்த தண்ணீர் பாட்டிலோ வந்தபடியே திரும்பிப் போய்க்கொண்டிருந்தது.

“ஏன் குடிக்கல?” என்று கேட்டாள்.

“குடிச்சா போகணுமே சிஸ்டர்” என்றாள் பிரிவிலேயே மூத்தவள், எல்லாரும் பெரியக்கா என்று கூப்பிடுகிறவள்.

கக்கூஸ் முற்றத்துக்கு அந்தப் பக்கம். பிரிவில் இருபத்திரண்டு பேர். ஆணியில் ஒரே ஒரு மரக்கட்டை தொங்கும். கட்டை யார் கையில் இருக்கிறதோ அவள் மட்டும் போகலாம் என்பது சூப்பர்வைசர் போட்ட சட்டம். அதற்கு மேல் பெண்கள் தாங்களே ஒரு சட்டம் போட்டு வைத்திருந்தார்கள். மாசமாக இருப்பவளுக்கும், மாதவிலக்கு நாளில் இருப்பவளுக்கும் கட்டை முதலில். மற்றவர்கள் அவர்களுக்கு இடைஞ்சலாக இருக்கக் கூடாதென்று தண்ணீரையே தொடுவதில்லை. “பாவம், அவ போகட்டும். நாம அடக்கிக்கலாம்” என்றாள் பெரியக்கா. இவ்வளவு நல்ல மனசு இவ்வளவு கெடுதல் செய்யும் என்று யார் நினைப்பார்கள்?

நர்ஸ் நேராக மேனேஜரிடம் போய்ச் சண்டை போட்டாள். “எழுதிக் குடுங்க, பார்க்கலாம்” என்றார் அவர். எழுதிக் கொடுத்தாள். அவர் பார்க்காமல் விட, தினமும் போய் வாசலில் நின்றாள். தொல்லை தாங்காமல் நாலாம் நாள் கட்டையைக் கழற்றச் சொன்னார்.

வேறொருத்தியாக இருந்தால் வேலை முடிந்தது என்று உட்கார்ந்திருப்பாள். இவளுக்கு ஒன்று மட்டும் உறுத்தியது. எதிர்க் கட்டடத்து மாடியில் பேக்கிங் பிரிவும் அதே மாதிரித் தகரத்துக்குக் கீழேதான். அங்கும் ஒரு கட்டை இருந்தது. அவர்களையும் எடை பார்த்திருந்தாள், ஏறக்குறைய அதே குறைச்சல். ஆனால் ரத்தப் பட்டியலில் பேக்கிங்கிலிருந்து ஒரு பெயர்கூட இல்லை. அதே வெயில், அதே தாகம். அப்படியென்றால் கீழே இஸ்திரி போடுகிறவர்களுக்கு மட்டும் வேறென்ன கிடைக்கிறது?

சாப்பாட்டு நேரத்தில் கதவைச் சாத்திக்கொண்டு, ரத்தப் பட்டியலையும் தன் நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். பேக்கிங்காரிகள் நோட்டில் இல்லவே இல்லை. இரண்டு மாடி இறங்கிவரச் சூப்பர்வைசரிடம் சீட்டு வாங்க வேண்டும் என்பதால் தலைவலியை அவர்கள் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டிருந்தார்கள். பட்டியலில் இருந்த ஏழில் ஆறு பேர் நோட்டில் நாற்பது தடவை, ஐம்பது தடவை வந்திருந்தார்கள். நோய் இருப்பவள்தானே அடிக்கடி வருவாள் என்று முதலில் தோன்றியது. பிறகு கண் நோட்டு வரிகளின் கடைசிக் கட்டத்துக்குப் போனது. அவள் கையெழுத்தில், வரிக்கு வரி, ஒரே வலி மாத்திரையின் பெயர்.

நாத்தனார் மட்டும் அந்தக் கணக்கில் இடித்தாள். நோட்டில் அவள் வந்தது நாலே தடவை. அப்புறம் எப்படி எல்லாரையும்விட அதிகம்?

அந்தக் கேள்விக்கு விடை கிடைத்ததும் நர்ஸ் நோட்டை மூடினாள். வாராவாரம் ஒரு முழு மாத்திரை அட்டையை அவள் பையில் வைத்து அனுப்பியது யார்? “வரிசையில நிக்காத, பையிலயே வச்சுக்கோ” என்று சொன்னது யார்? வீட்டு மனுஷி என்கிற சலுகை.

டாக்டரம்மாவுக்கு போன் போட்டாள். கணக்கு முழுவதையும் சொன்னாள்.

“உடம்புல தண்ணி வத்திப் போயிருக்கும்போது அந்த மாத்திரை கிட்னிக்குப் போற ரத்தத்தை இன்னும் குறைக்கும். உனக்குத் தெரியாததா?” என்றார். “உன்ன மட்டும் சொல்லி என்ன ஆகும்? வெயில்ல வேலை செய்யறவங்க கிட்னி இப்படிப் போறதப் பத்தி எத்தனையோ நாட்டு டாக்டருங்க எழுதிட்டிருக்காங்க. கரும்பு வெட்டறவங்க, வயல் வேலை பாக்கறவங்க. வருஷா வருஷம் சூடு ஏறுது, தலைவலியும் ஏறுது, மாத்திரையும் ஏறுது. உடனே நிறுத்து. சீக்கிரம் பிடிச்சா பல பேருக்குத் திரும்பிடும்.”

படித்ததுதான், பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியதுதான். அத்தனை கேள்வி கேட்டவள், இன்னைக்கு எத்தனை தடவை ஒண்ணுக்குப் போனாய் என்று மட்டும் ஒருத்தியிடமும் கேட்கவில்லை. அவமானம் அவளைப் பிடுங்கித் தின்றது.

அன்று மூணு மணிக்கு வரிசை வந்தபோது உண்மையைச் சொல்லத்தான் நினைத்தாள், வாயில் வந்தது வேறு. “மாத்திரை ஸ்டாக் தீர்ந்துபோச்சு. நிறைய தண்ணி குடிச்சிட்டு கொஞ்சம் உக்காருங்க.” அவர்கள் முனகிக்கொண்டே போனார்கள். ஒரு வாரம் இதையே சொல்லிச் சமாளித்தாள்.

நாத்தனாரிடம் மட்டும் அன்று சாயங்காலமே, வீட்டு மொட்டைமாடியில் காய்ந்த துணி எடுக்கும்போது, உண்மையைச் சொன்னாள். “நான் குடுத்ததுதான். உன் கிட்னியக் கெடுத்ததுல என் பங்கு இருக்கு.” நாத்தனார் கையிலிருந்த துணியை மடித்துவிட்டு இறங்கிப் போனாள். இரண்டு நாள் பேச்சில்லை. நர்ஸ் அழுதாள், அழுததை ஒருவரிடமும் காட்டிக்கொள்ளவில்லை.

மூணு வாரம் முடிந்து இரண்டாவது ரிப்போர்ட் வந்தது. ஒன்று புள்ளி நாலு. முழுசாக இறங்கவில்லை, ஆனால் இறங்கியிருந்தது. ஆஸ்பத்திரி நடையிலேயே நர்ஸ் அதை மூணு தடவை படித்தாள். நாத்தனார் அவள் தோளைத் தொட்டாள்.

“அண்ணி, எனக்கு உங்க மேல இருந்த கோபம் போயிடுச்சு. அது கிடக்கட்டும். மத்த ஆறு பேர்கிட்ட சொல்லிட்டீங்களா?”

நர்ஸ் ரிப்போர்ட்டை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

“நான் வீட்டு மனுஷி, மன்னிச்சிட்டேன். அவங்க என்ன பண்ணுவாங்களோன்னு பயமா இருக்கா?”

“ஆமா.”

“இருந்தாலும் சொல்லணும்.”

மறுநாள் மூணு மணிக்கு அவள் தன் அறையில் இல்லை. இஸ்திரி மேஜைகளுக்கு நடுவே போய் நின்றாள். ஆவி அடங்கும்வரை காத்திருந்து, ஒன்றையும் ஒளிக்காமல் சொன்னாள். வெயில், தாகம், மாத்திரை. “ஸ்டாக் இல்லன்னு நான் சொன்னது பொய். பயந்து சொன்னது. அந்த மாத்திரைய இனிமே தொடாதீங்க.”

திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தாள். சூப்பர்வைசரைக் கூப்பிடுவார்கள் என்று எதிர்பார்த்தாள். பெரியக்காவோ குனிந்து, மேஜைக்கடியிலிருந்த சாப்பாட்டுப் பையைத் திறந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து மேஜைமேல் வைத்தாள். அதே பெயர். பாதி காலியாக இருந்தது.

“நீங்க ஸ்டாக் இல்லன்னு சொன்னீங்கல்ல? அதான் பழைய அட்டையக் காட்டி கடையில வாங்கிக்கிட்டோம்.”

எதிர்மேஜையில் இன்னொரு அட்டை. அதற்கடுத்த மேஜையில் ஒன்று. ஏழு பேரில் இல்லாதவர்களும் பையைத் திறந்துகொண்டிருந்தார்கள்.

“உங்க மாத்திரை நல்லா கேக்குதேன்னு எங்க வீட்டுக்காரருக்கும் இதத்தான் குடுத்திட்டிருக்கேன் சிஸ்டர்” என்றாள் ஒருத்தி. “கட்டட வேலை. நாளெல்லாம் வெயில்லதான்.”

“எத்தனை நாளா?” என்று நர்ஸ் கேட்டாள். வாழ்நாளில் ஆயிரம் கேள்வி கேட்டவளுக்கு அந்தப் பதிலைக் கேட்கப் பயமாக இருந்தது.